வௌவாலுக்கு வந்த வலை

1
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் ஜெயராமன், செஞ்சிக் கோட்டையில் ஒப்பந்தக் கொத்தனார். எழுதுகிறவன் நான். இருவருக்கும் ஒரே முதுகுவலி. அதற்குமேல் கேட்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்தி வானில் ஆயிரம் கருஞ்சிறகுகள்…’

அடித்துவிட்டேன். சுண்ணாம்பு குழைப்பவன் தலையில் எச்சம் விழுந்தால் கருஞ்சிறகா வாயில் வரும்?

2
கோட்டைக் களஞ்சியத்து வளைகூரையில் மாசிவரை நாலைந்து வௌவால்தான். பங்குனியில் பெட்டைகள் படையாக வரும். சித்திரையில் கூரையே பிரசவ ஆஸ்பத்திரி. குட்டிகள் பறக்க ஆடி ஆகும்.

வைகாசியில் மேற்பார்வையாளர் பாண்டுரங்கன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“வலை அனுப்புறேன். சாயங்காலம் எல்லாம் வெளிய போனப்புறம் வாசல்ல அடிச்சிட்டா ஒண்ணும் சாவாது.”

“குட்டிங்க உள்ளயே தொங்கும் சார். தாய் வந்து பால் குடுக்கணும்.”

“கைநாட்டு நீ. எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

(ஐம்பது வயதில், அவலூர்பேட்டை பஸ் போர்டுகளை எழுத்துக்கூட்டி ஜெயராமன் படிக்கக் கற்றிருந்தான். சார் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை.)

3
ஜெயராமன் நல்லவனா? எனக்கே சந்தேகம். மூன்று வருடம் முன்பு வேறொரு மண்டபத்தில் வலை அடித்தவனும் இவன்தான். மறுவாரம் கூட்டி அள்ளினான். முறத்தில் கிடந்தவை…

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

4
கம்பிவலை வந்தது, கூடவே ஒரு சீட்டு: ‘வாசலில் அடிக்கவும்.’ ஜெயராமன் இரண்டு முறை படித்தான்.

“இன்னாயா போட்டிருக்குது?” என்றாள் சித்தாள் நாகம்மாள்.

“மணல் சலிக்கச் சொல்லியிருக்குது.”

அவள் கூரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “அப்ப நறுக்கு. எனக்கும் ஒரு சல்லடை வேணும்.”

திங்கட்கிழமை, வலை சல்லடைகளாகிக் கிடப்பதைப் பார்த்து சார் குதித்தார். “சீட்டுல இன்னாயா எழுதியிருந்தேன்?”

“கைநாட்டுக்குச் சீட்டு குடுத்தா எப்படி சார்?”

நாகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

5
முடிவு ஒன்று: புது வலை ஆடிக்குப் பின் வருகிறது. முடிவு இரண்டு: முன்பே வருகிறது. ‘இவன் படித்தவன்’ என்று தெரிந்தால் மூன்றாவது: ஜெயராமனுக்கு வேலை போகும், வலையை வேறொருவன் அடிப்பான்.

எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் அந்த முறத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

இன்று ஆனி பன்னிரண்டு. ஆடி பிறக்க இருபது நாள். இந்தக் கதை சாருக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கொஞ்ச நாள் நீங்களும் படிக்கத் தெரியாதவராக இருக்க முடியுமா, பாருங்கள்.