ஒரு நாள் விட்டு ஒரு நாள்

லோகநாயகிக்கு இடது மார்பில் கட்டி வந்தது போன வருஷம். அவளுடைய நாத்தனார் அமுதவல்லிக்கு அதே இடது மார்பில் கட்டி வந்தது இந்த வருஷம். ஒரே குப்பம், ஒரே ஏரிக்கரை, ஒரே ஆஸ்பத்திரி. வியாதி மட்டும் வேறாக இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

லோகநாயகிக்கு ஆபரேஷன் செய்து, தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவளும் மறுபடி மீன்கூடையைத் தூக்க ஆரம்பித்துவிட்டாள். அமுதவல்லிக்கோ முதலில் மாசக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம்தான் ஆபரேஷன் என்றார்கள். முடி கொட்டும், வாந்தி வரும் என்றதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எனக்குக் கேட்ட மாத்திரை உனக்கு மட்டும் கேக்காதா இன்னா?" என்றாள் லோகநாயகி. எதையும் அடித்துப் பேசுகிற வாய் அவளுக்கு.

காய்ச்சலில் படுத்து ஏரியில் இறங்காதவன் வீட்டுக்கும் அன்றைய மீனில் பங்கு போகும்; அது அந்தக் குப்பத்து வழக்கம். லோகநாயகி மாத்திரையையும் அப்படியே பங்கு வைத்தாள். ஒரு நாள் தனக்கு, மறுநாள் நாத்தனாருக்கு. அமுதவல்லி மருந்து ஏற்றப் போகவே இல்லை. மூன்று மாசம் இருவரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அதற்குள் அமுதவல்லியின் கட்டி ரவிக்கை போட முடியாதபடி பெருத்துவிட்டது.

பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில் என்று ஆஸ்பத்திரிக்கு அலறியடித்துப் போனார்கள். நடந்ததை லோகநாயகி சொல்லச் சொல்ல, டாக்டர் கிறிஸ்டினா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க கட்டி உடம்புல இருக்கிற ஹார்மோனைத் தின்னு வளர்ற ஜாதிம்மா. மாத்திரை அந்தச் சாப்பாட்டை நிறுத்துது. இவங்க கட்டிக்கு அந்தச் சாப்பாடே வேணாம். அப்புறம் மாத்திரை என்ன செய்யும்?"

"அப்போ எது கெட்டது? அவளுதா, என்னுதா?"

"அப்படிச் சொல்ல முடியாது. இவங்களது வேகமா வளரும். ஆனா ஏத்துற மருந்துல நல்லா கரையவும் வாய்ப்பிருக்கு. அஞ்சு வருஷம் திரும்ப வராம தாண்டிட்டா பயம் ரொம்பக் குறைஞ்சிடும். உங்களது மெதுவானது. ஆனா பத்து வருஷம் கழிச்சும் தலைதூக்கலாம். அதுக்குத்தான் தினமும் மாத்திரை."

லோகநாயகிக்குத் தலை சுற்றியது. மெதுவானது நல்லது என்றால் அது ஏன் பத்து வருஷம் கழித்து வர வேண்டும்? வேகமானது கெட்டது என்றால் அது எப்படிக் கரையும்? தான் செய்தது உதவியா, உபத்திரவமா? ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு வாரம் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையுமாக அலைந்தார்கள். தூரத்தில் எங்கும் பரவவில்லை. ஆனால் முன்பு இல்லாதபடி அக்குளுக்கும் கட்டி வந்திருந்தது. இனி ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்றார் டாக்டர்.

மருந்து ஏற்றுகிற அறையில் நர்ஸ் ஊசியோடு வந்ததும் அமுதவல்லி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நர்ஸைப் பார்க்கவில்லை, அண்ணியைத்தான் பார்த்தாள்.

"நீ சொல்லு அண்ணி. போட்டுக்கட்டுமா?"

இத்தனைக்குப் பிறகும் இவள் என்னைத்தான் கேட்கிறாளே என்று லோகநாயகிக்கு அழுகை முட்டியது.

"என்னாண்ட கேக்காத அமுதா. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிக்கினு இருந்தேன்."

அமுதவல்லி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். நர்ஸிடம் நீட்டினாள்.