நாங்கள் வாங்கிய இடம்

நூர் முஹம்மது நீட்டிய பேனாவைக் கையில் வாங்கிய பிறகுதான், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம் எனத் தோன்றியது. சந்தேகமெல்லாம் இல்லை, பழக்கம். இருபத்திரண்டு வருடமாகப் பரீட்சைத்தாள் திருத்துகிறவளுக்குக் கூட்டலை இன்னொரு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட வராது. கைபேசியைத் திறந்தேன். வீட்டுக்கு முன்பணமாகக் கொடுக்க ஐந்து லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே முக்கால் இருந்தது.

"இன்னா டீச்சர், யோசிச்சிக்கினு கீறீங்க? செக்கு போட்டீங்கன்னா முடிஞ்சிது," என்றார் நூர் முஹம்மது. வேளச்சேரியில் இரண்டு மாதமாக என்னை வீடு வீடாக ஏற்றி இறக்கிய தரகர் அவர். எதிரே அந்த வீட்டை விற்கிறவர், காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அசல் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வாசல் படிக்கட்டுக்கு வந்து என் கணவர் ஸ்தனிஸ்லாஸைக் கூப்பிட்டேன். காலையிலேயே, தலைவலி, நீ போய் முடித்துவிட்டு வா என்று அவர் வீட்டிலேயே தங்கிவிட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

"நம்ம கணக்குல ரெண்டேகால் லட்சத்தக் காணோம்."

"நான்தான் எடுத்தேன் பிரிஸி. வீட்டுக்கு வா, சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க. இங்க மனுஷங்க காத்திட்டு இருக்காங்க."

"அப்பா கல்லறைக்குக் கட்டிட்டேன்."

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. பதினாலு வருடம் தாண்டிய குழிகளைத் தோண்டி வேறு ஆட்களை வைப்பார்கள். வேண்டாம் என்கிறவர்கள் பணம் கட்டி அதைக் குடும்பக் கல்லறையாக நிரந்தரமாக வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கோயில் பங்குப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் அந்த அறிவிப்பை ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில் வாசித்தவரே இவர்தான். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அது என் சமையலறையைப் பற்றிய அறிவிப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆமாம், சமையலறை. வேளச்சேரியில் நான் வாங்க இருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான். சின்னதுதான், இரண்டு பேர் நின்றால் இடிக்கும். ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. மயிலாப்பூரில் நாங்கள் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கும் மாடியில் மோட்டார் சுவிட்ச் கீழே வீட்டுக்காரர்களிடம் இருக்கிறது. தலையில் சோப்பு நுரையோடு நின்றாலும் ஒருவர் இறங்கிப்போய் "அக்கா, மோட்டார்" என்று கேட்க வேண்டும். நாடகம் ஓடிக்கொண்டிருந்தால் விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் வெள்ளைத்துரைக்குத் தி.நகரில் பாத்திரக்கடை; கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் மனைவி தங்கமும் நல்லவள்தான். நல்லவர்களிடம் தினமும் இரண்டு வேளை கெஞ்சுவதும் கெஞ்சல்தானே. வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு நூர் முஹம்மது, "ரெண்டாவது மாடிக்கு தண்ணி வந்துச்சின்னா அப்பால மெட்ராஸே இருக்காது டீச்சர்" என்றார். அந்த நேர்மைக்காகவே அந்த வீட்டை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

படிக்கட்டிலிருந்து உள்ளே போய்த் திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டேன். விற்கிறவர் பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஞாயிறு மதியம் நூர் முஹம்மது கூப்பிட்டார். "ஐ.டி. பையன் ஒருத்தன் முழு அட்வான்ஸும் குடுத்துட்டான். நான் இன்னா பண்றது, சொல்லுங்க." அவர் மேல் என்ன தப்பு?

என் வளையல்கள் போன பணம் அது. மாலையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிய பணம். அதை நான் சொல்லச் சொல்ல ஸ்தனிஸ் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். "அப்பா எலும்ப ஒரு மூட்டையில கட்டி ஓரமா போட்ருவாங்க பிரிஸி. அத நான் எப்படிப் பாத்துட்டு இருக்கறது?" அவர் அழுதது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது. என் மாமனார் தங்கமான மனிதர். ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தார், ஒன்பது வீடு மாறினார். செத்த பிறகாவது அவரை யாரும் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று மகன் நினைத்தது எனக்குப் புரியாமல் இல்லை. புரிகிறது. அதனால்தான் வாய்விட்டுத் திட்டவும் முடியாமல் நெஞ்சு எரிகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

மறுநாள் மோட்டார் கேட்கப் போனபோது தங்கம் தட்டில் அதிரசம் வைத்துக் கொடுத்தாள். "வீடு அமஞ்சுட்டா டீச்சர்? மகேஷுக்குத் தையில கல்யாணம்லா, மாடிய வெள்ளையடிக்கணும். அவசரப்படுத்தேன்னு நெனச்சிராதிய." மகேஷ் அவள் மகன். நான் குடிவந்தபோது ஏழு வயது. டிசம்பருக்குள் காலி செய்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு அதிரசத்தைத் தின்றுகொண்டே படியேறினேன். மயிலாப்பூரில் இப்போது கேட்கிற வாடகைக்கு என் சம்பளத்தில் பாதி போகும். வேளச்சேரியில் அந்த விலைக்கு இன்னொரு வீடு வராது என்று நூர் முஹம்மது ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். நாத்தனார் பியாட்ரிஸ் காரோடு வந்து வாசலில் நின்றுவிட்டதால் புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்கு அடையாற்றில் சொந்த வீடு. அப்பா கல்லறைக்கு அவள் கொண்டுவந்தது இரண்டு முழம் சம்பங்கி. மெழுகுவத்திப் புகைக்குள் வரிசை வரிசையாக ஜனம். எங்கள் இடத்தை அடைந்ததும் பியாட்ரிஸ் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "என் தம்பி மாதிரி யார் செய்வா! பளிங்கு மாதிரி இல்ல இருக்கு!"

கறுப்புக் கிரானைட். தலைமாட்டில் சிலுவை. பொன்னிற எழுத்தில் மாமனார் பெயர், அதற்குக் கீழே மாமியார் பெயர். அதற்கும் கீழே ஸ்தனிஸ்லாஸ் என்று போட்டு, பிறந்த தேதி, ஒரு கோடு. பக்கத்தில் பிரிஸில்லா. என் பிறந்த தேதி சரியாக இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வழவழவென்று வெறும் கல்.

ஸ்தனிஸ் என் காதருகே குனிந்தார். "சேத்து வெட்டினா எழுத்துக்குக் கம்மியா போட்டுத் தரேன்னு கல்லுக்கடைக்காரன் சொன்னான்."

"பத்திரம் யார் பேர்ல?" என்று கேட்டேன்.

"நம்ம ரெண்டு பேர் பேர்லயும்தான்," என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததை நான் பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் வராத பெருமை.

செருப்பைக் கழற்றினேன். பியாட்ரிஸின் சம்பங்கியை ஓரமாக நகர்த்திவிட்டு, கல்லின் மேல் ஏறிக் காலை மடக்கி நடுவில் உட்கார்ந்தேன். பகலெல்லாம் வெயிலில் கிடந்த கல் புடவைக்கு மேலாகச் சுட்டது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிரிஸி, எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க. ஃபாதர் மந்திரிச்சுக்கிட்டே வர்றார் பார்."

"வரட்டும். என் எடத்துலதான உக்காந்திருக்கேன்?"

சாமியார் முன்வரிசையை முடித்துவிட்டு எங்களிடம் வந்தார். பூசைப் பையன் பிடித்திருந்த தீர்த்த வாளியில் தெளிப்பானை முக்கி எடுத்தவர், குனிந்து கல்லில் இருந்த பெயர்களைப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தூக்கிய தெளிப்பானிலிருந்து தண்ணீர் அவர் முழங்கை வழியாக அங்கிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.