விழாமல் உடைந்தவர்கள்

“எங்கம்மா கீழ வுழவே இல்லியே, அப்புறம் எப்டி காலு ஒடஞ்சிது?” என்று ஒரு சிறுமி கேட்டாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆந்திர எல்லையிலுள்ள புத்தூரில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஒரு கொட்டகையில். தாயின் தொடைக்கு மூங்கில் பத்தை வைத்துக்கொண்டிருந்த செங்கமலத்தின் கை நின்றுவிட்டது. அன்றிலிருந்து வருகிற பெண்களையெல்லாம் அவள் “வுழுந்தியா?” என்று கேட்க ஆரம்பித்தாள். இல்லை என்றவர்களுக்குக் கட்டுப் போடவில்லை. “உள்ளேர்ந்து அரிச்சிக்கினு வருதும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ” என்று திருப்பதிக்கு பஸ் ஏற்றிவிட்டாள். பெயரையும் ஊரையும் காலண்டர் தாள்களின் பின்புறம் எழுதி வைத்தாள்.

அந்தத் தாள்களிலிருந்துதான், திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆய்வு மாணவியாக இருந்த சிவசங்கரியின் ஆராய்ச்சி பிறந்தது. மார்பில் தொடங்கும் புற்று எலும்புக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை, செங்கமலம் அனுப்பிய நாற்பத்து மூன்று பெண்களை வைத்து அவள் எழுதினாள். உலகம் முழுவதும் முந்நூற்று எண்பத்தாறு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. அவளுடைய மற்ற பதினேழு கட்டுரைகளையும் சேர்த்தால்கூட நூறு தேறாது. இன்னும் பத்து நாளில் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அங்கே அவளைத் தாங்கப்போவது அந்த ஒரு கட்டுரைதான்.

அதில் செங்கமலத்தின் பெயர் இல்லை. சேர்க்கலாமா என்று அப்போதே வழிகாட்டி தோதாத்ரியிடம் கேட்டிருந்தாள். “கட்டுக் கட்டறவா பேரப் போட்டா, ஜர்னல்காரன் முதல் பக்கத்துலயே மூடி வெச்சுடுவான்மா” என்றார் அவர். கெட்டவர் அல்ல, பயந்தவர். அவளும் பயந்தாள். சாந்திபுரம் பக்கம் கூலி வேலை செய்தவர்களின் மகள் அவள். அவள் சொல்வதையே யாரும் நம்பத் தயாராக இல்லாத காலம் அது.

கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போனாள். செங்கமலம் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

“இன்னா டாக்டரம்மா, இதுல எம்பேரு கீதா? இல்ல, என்னிய டபாய்ச்சிட்டியா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிவசங்கரியும் சிரித்தாள்.

“கீதுக்கா. பின்னாடி கீது.”

போன செவ்வாய்க்கிழமை காலை செங்கமலம் மாரடைப்பில் போய்விட்டாள். சிவசங்கரி போய்ச் சேர்ந்தபோது தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகன் ஏழுமலை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தான். உள்ளே அந்தக் கட்டுரை, மடிப்புகளில் நைந்திருந்தது.

“வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் இத்தயே காட்டிக்கினு இருக்கும். இது இங்கிலீசு, எனக்குத் தெலுங்கு எழுத்துதான் வரும். அம்மா பேரு எங்க கீதுன்னு தொட்டுக் காட்டுக்கா. எடுக்கறதுக்கு முன்ன ஒருவாட்டி பாத்துக்கறேன்.”

சிவசங்கரியின் விரல் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் போய் நின்றது. ஏழுமலை அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அது ஆய்வுக்கூடத்துக்கு ரசாயனம் விற்ற கம்பெனியின் பெயர்.

திரும்பும் வழியெல்லாம் அவள் அழவில்லை. அழுதால் பாரம் குறைந்துவிடும் என்று பயந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை தோதாத்ரிக்குப் போன் செய்தாள்.

“இப்பப் போய்த் திருத்தம் கேட்டா, இத்தனை நாள் ஏன் மறைச்சேன்னு கேப்பாம்மா. இன்டர்வியூ முடியட்டுமே, பத்து நாள்தானே?”

“பத்து நாள் போனா இன்னொரு பத்து நாள் வரும் சார்.”

“கூட எழுதினவன் நானும்தானே, என் சம்மதத்தையும் சேத்துக்கோ” என்றார் அவர்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இதழின் திருத்தப் படிவத்தைத் திறந்தாள். இந்தப் பெண்களை முதலில் அடையாளம் கண்டவர் செங்கமலம், அவர் பெயரை விட்டது என் தவறு என்று எழுதினாள். ஆசிரியர் வரிசையில் அந்தப் பெயரைத் தன் பெயருக்கு மேலே வைத்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. கடவுள் பார்த்திருப்பார், ஆனால் அவரைச் சாட்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பணியிடம் என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. விரல்கள் விசைகளின் மேல் சற்று நேரம் அப்படியே இருந்தன. பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்: கட்டுப் போடும் கொட்டகை, புத்தூர்.

பக்கம் நகர்ந்தது.