துரை தேடிய கதகதப்பு

வீடு முழுக்க எல்.இ.டி பல்பு மாட்டிய அன்றே துரை கோபித்துக்கொண்டான். துரை என்பது தையல்காரியின் பூனை. மழைக்காலம் வந்துவிட்டால், தையல் மிஷினுக்கு மேல் தொங்கும் குண்டு பல்பின் கீழே, வெட்டிப்போட்ட துணித் துண்டுகளின் மேல் சுருண்டு கிடப்பதுதான் அவனுக்கு உத்தியோகம்.

புது பல்பின் வெளிச்சத்தில் ஊசிக்காது பளிச்சென்று தெரிந்தது. தையல்காரிக்கு ஏக சந்தோஷம். துரை மட்டும் வழக்கமான இடத்துக்கு வந்தான், மேலே பார்த்தான், ஒரு தரம் புரண்டான், எழுந்து போய்விட்டான்.

“வெளிச்சம் பிடிக்கலையோ என்னவோ,” என்றாள்.

“ஆமா, உன் துரைக்குத் தனியா லைட்டு போடணும்,” என்றார் பஸ் ஓட்டும் கணவர். வீட்டுக்குள் பூனை வளர்ப்பதே அவருக்கு ஆகாது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பல்புக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தாள். பழைய பல்பு என்றால் கிட்டே போகும்போதே சுடும். இதில் ஒன்றுமே உறைக்கவில்லை. அட! வெளிச்சத்துக்கென்று இத்தனை வருஷம் செலவழித்த கரண்டில் முக்கால்வாசி பூனைக்குப் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறதே!

அப்படியானால் இப்போது எங்கே படுக்கிறான்? தேடிப் போனாள். டி.வி.க்குப் பக்கத்தில், செட்டாப் பாக்ஸை வயிற்றால் அமுக்கிக்கொண்டு துரை தூங்கிக்கொண்டிருந்தான். டி.வி. ஓடவில்லை. அவனைத் தூக்கிவிட்டுப் பெட்டியைத் தொட்டாள். சூடு. இது பூனையின் சூடா, பெட்டியின் சூடா? திமிறியவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஆறவே இல்லை.

“ஏங்க, கொஞ்சம் வாங்களேன். டி.வி.யை அணைச்சா இதுவும் அணைஞ்சிடும்தானே?”

“பின்ன?”

“தொட்டுப் பாருங்க.”

தொட்டவர் கையை எடுக்கவில்லை. “ரிமோட்லயே அணைச்சிடறோம்ல, அதான். சுவத்துல இருக்கிற சுவிட்சைத் தொடுறதே இல்ல. ராப்பகலா கரண்டு குடிச்சிருக்கு!”

“பாத்தீங்களா? துரைதான் கண்டுபிடிச்சான்.”

அவர் சுவிட்சை அணைத்தார். பெட்டி ஆறியதும் துரை அங்கிருந்து கிளம்பினான். இந்தத் தடவை கணவரும் பின்னாலேயே போனார். அலமாரிக்குப் பின்னால், பாட்டுப் பெட்டியின் அடாப்டர் சுவரில் செருகியபடியே கிடந்தது. அதன் மேல் தாடையை வைத்துப் படுத்தான் துரை. “அட, நீ கெட்டிக்காரன்டா!” என்று சிரித்தபடி அதையும் பிடுங்கினார்.

வேலை முடிந்த திருப்தியில் நாற்காலியில் வந்து சாய்ந்தார். துரை அறை நடுவே நின்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு ஒரே தாவாகத் தாவி அவர் மடியில் ஏறிச் சுருண்டான். விரட்டப் போன கை பாதியில் நின்றது. மெல்ல இறங்கி அவன் முதுகில் படிந்தது.

“ஏம்மா,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி. “மனுஷன் எத்தனை வாட்ஸ் இருப்பான்?”

அவள் மிஷினை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.