அத்தைக்கு எடுத்த ஊசி

அந்தத் தெருவில் அவளுக்குப் புருவக்காரி என்றுதான் பெயர். புருவம் உதிர்ந்துபோய் மாடி ஏறுகிறவர்கள் இரண்டு மணி நேரத்தில் புருவத்தோடு இறங்குவார்கள். பச்சை குத்துவதுபோல ஊசியால் தோலில் நிறம் ஏற்றி வரைந்த புருவம், கழுவினாலும் போகாது, தூங்கி எழுந்தாலும் கலையாது. முன்னறையில் ஒரு சாய்வுப் படுக்கை, வட்ட விளக்கு, ஊசிகள் அடுக்கிய இழுப்பறை. பின்பக்கக் கதவைத் திறந்தால் வீடு. வீட்டில் அவளைத் தவிர இருந்தது அத்தை மட்டும்தான்.

அத்தை என்றால் மாமியார். கட்டியவன் வேறொருத்தியோடு போய் ஆறு வருடம் ஆகிறது. போகும்போது சட்டையிலிருந்து செல்போன் சார்ஜர் வரை ஞாபகமாக எடுத்துக்கொண்டவன், பெற்ற தாயை மட்டும் மறந்துவிட்டுப் போனான். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் தனியாக என்றால் பார்க்கிறவர்கள் என்னென்னவோ நினைப்பார்கள். இவர்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் டிவி ரிமோட்டுக்காகத்தான். அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்தவளுக்குத் தன்னுடையவர் என்று சொல்ல மிச்சமிருந்த ஒரே ஆள் அத்தை.

ஆறு வருடம் கழித்து மகனுக்குத் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. வீடியோ காலில் அம்மாவைப் பார்த்தவன், முகமே நோயாளி மாதிரி இருக்கிறது, அங்கே யாரும் சரியாகக் கவனிப்பதில்லை என்று முடிவு கட்டினான். இரண்டு மாதத்தில் நேரில் வந்து பார்ப்பேன், இதே நிலைமை என்றால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்றான். தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாக வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை.

அன்று அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். வயதானதில் புருவம் முழுக்க உதிர்ந்து நெற்றி வெறிச்சென்று கிடந்தது. இதைத்தான் அவன் நோய் என்று நினைத்துவிட்டான் என்று கண்டுபிடித்துக்கொண்டு நேராக மருமகளிடம் வந்தாள்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் போட்டு விடுறியே, எனக்கும் போட்டு விடும்மா. நான் நல்லா இருக்கேன்னு அவன் பாக்கட்டும். உன்ன விட்டு நான் எங்கயும் போகமாட்டேன்."

கடைக்கு விடுமுறை நாளாகப் பார்த்து அத்தையைப் படுக்கவைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. இப்படிப்பட்ட தோலுக்கு எந்த ஊசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஏழெட்டு முனைகள் சேர்ந்த பட்டை ஊசி. அழுத்தம் எல்லா முனைக்கும் பிரிந்துபோகும், தோலின் மேலேயே நிற்கும், பவுடர் பூசியதுபோல நிறம் இறங்கும். ஒற்றை ஊசி தடங்கலே இல்லாமல் உள்ளே போய்விடும். மெல்லிய தோலில் அது எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியாது. ஆழத்தில் விழுந்த நிறம் பரவும், பழுப்பாகப் போட்டது நீலமாகத் தெரியும். மெல்லிய ஊசியை மென்மையான ஊசி என்று நினைக்காதே என்று தன்னிடம் தொழில் பழக வந்த எத்தனையோ பெண்களிடம் தொண்டை வறளச் சொன்னவள் அவள்.

பட்டை ஊசியைத்தான் முதலில் எடுத்தாள். அத்தை அதை எட்டிப் பார்த்துவிட்டாள்.

அத்தைக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் மருமகளின் கையை நகம் பதியப் பிடித்துக்கொள்வாள். இத்தனை முனையும் குத்துமா என்று கேட்டபோது அவள் உதடு கோணியது. அது ஒன்றுமே செய்யாது என்று விளக்கியிருக்கலாம். முன்பின் தெரியாத வாடிக்கையாளராக இருந்திருந்தால் அதட்டிப் படுக்கவைத்திருப்பாள். ஆனால் படுத்திருந்தது அத்தை. எழுபத்திரண்டு வயதில் குழந்தை மாதிரி பயந்து கிடக்கிறவளை அதட்ட மனசு வரவில்லை. பட்டை ஊசியை ஒதுக்கிவிட்டு இருப்பதிலேயே மெல்லிய ஒற்றை ஊசியைப் பொருத்தினாள். மெதுவாகப் போனால் சமாளித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினோரு வருட அனுபவத்தை அன்று பாசம் தின்றுவிட்டது.

ஒவ்வொரு முடியாக வரைந்தாள். அத்தை ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. முடிந்ததும் கண்ணாடியில் பார்த்து, கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறேன் என்று வெட்கப்பட்டாள்.

பொருக்கு உதிர்ந்து, நான்காவது வாரத்தில் நிறம் மேலே வந்தது. கோடு எதுவும் கோடாக இல்லை. இரண்டு கண்ணுக்கும் மேலே, அடி வாங்கிக் கன்றிப்போன இடம் மாதிரி நீலமாக ஒரு திட்டு. இதை வெளியே எடுக்க முடியும், ஆனால் ஐந்தாறு மாதம் பிடிக்கும். மகன் வர மூன்று வாரம்தான் இருந்தது.

அவன் வந்த அன்று காலையில் அத்தையின் நெற்றியில் தோல் நிறக் கிரீமை அடுக்கடுக்காகப் பூசி மறைத்து, மேலே பென்சிலால் வரைந்துவிட்டாள். நன்றாகவே வந்திருந்தது. மகன் பழப்பையோடு உள்ளே நுழைந்தான். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். சாயங்கால வண்டிக்கே திரும்புவதாக இருந்தான்.

"நல்லாத்தானேம்மா இருக்கே. நான்தான் சும்மா பயந்துட்டேன்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் அத்தை உடைந்துபோனாள். ஆறு வருடம் கழித்து 'அம்மா' என்று நேரில் கேட்கிறாள் அல்லவா, தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே இரண்டு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மருமகள் ஓடிவருவதற்குள் கிரீம் முழுவதும் கையோடு வந்துவிட்டது.

அவன் அம்மாவின் முகவாயைப் பிடித்து, நீலத் திட்டுகளை வெளிச்சத்துக்குத் திருப்பினான். பிறகு கேட்டான்.

"யாரு அடிச்சது?"

அத்தை பதறினாள். தானேதான் கேட்டுப் போட்டுக்கொண்டதாகவும், வலிக்கக் கூடாது என்றுதான் அவள் மெல்லிய ஊசியாகப் பார்த்து எடுத்ததாகவும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல, மிரட்டிச் சொல்லவைத்தது போலவே இருந்தது. புருவக்காரி தன் பங்குக்கு வாயைத் திறந்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீ யாரு அவங்களுக்கு?"

அவன் வாசலில் நின்று போன் பேசி முதியோர் இல்லத்தில் இடத்தை உறுதி செய்துகொண்டான். துணிமணியை அவள்தான் மடித்துப் பையில் வைத்தாள். மாத்திரைகளைக் காலை, இரவு என்று பிரித்து எழுதிக் கொடுத்தாள்.

படி இறங்குவதற்கு முன் அத்தை சால்வையைத் தலையோடு போர்த்தி, கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். புழுக்கமாக இருக்கிறதே, எதற்கு இது என்று மகன் எரிந்து விழுந்தான். அவள் அவனுக்குப் பதில் சொல்லாமல் மருமகளின் காதருகே குனிந்தாள்.

"தெருவுல யாராவது பாத்தா, அப்புறம் உன்கிட்ட யாரும்மா வருவாங்க?"