மலப்புரம், ஆறு முப்பத்து மூன்று

ரூமானா எட்டு மாதம் மாய்ந்து மாய்ந்து எழுதிய ப்ரோக்ராமுக்கு ஆபீசில் 'காவக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாற்பது கோடிப் பேர் ஒருவருக்கொருவர் சேதி அனுப்பிக்கொள்ளும் ஆப் அந்தக் கம்பெனியுடையது. அவ்வளவு பெரிய கடலில் அவளுடைய பங்கு இந்தக் காவக்காரன் ஒருத்தன்தான். யார் என்ன எழுதுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் நிமிஷத்துக்கு எத்தனை சேதி போகிறது என்று எண்ணுவான். போன வாரம் இதே கிழமை, இதே நிமிஷத்தில் எத்தனை போனது என்று பார்ப்பான். ரொம்பக் குறைந்திருந்தால் சர்வர் படுத்துவிட்டது என்று கூப்பாடு போடுவான். அவ்வளவுதான் அவனுக்கு அறிவு.

அவனை நாடு முழுவதுக்கும் அவிழ்த்துவிட்ட முதல் நாள் வியாழக்கிழமை. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்து வீட்டின் கூடத்தில், மேசைமேல் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு ரூமானா காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அடுப்படியில் அவள் அம்மா ரமீஜா சமோசா மடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து இருபத்தாறுக்குக் காவக்காரன் வாயைத் திறந்தான். துப்ரி. அஸ்ஸாமில் ஒரு மூலை. அங்கே பத்துச் சேதி போகிற இடத்தில் ஆறுதான் போனது. ஐந்து முப்பத்து நான்குக்குப் பீகாரில் கிஷன்கஞ்ச். இரண்டு நிமிஷம் கழித்து வங்காளத்தில் மால்டாவும் முர்ஷிதாபாத்தும் சேர்ந்தே விழுந்தன.

பெங்களூரிலிருந்து நிர்மலாதேவி கூப்பிட்டாள். ரூமானாவின் குழுவுக்குத் தலைவி. புதுச்சேரிப் பக்கத்துச் சேதராப்பட்டுக்காரி, அதனால் ரூமானாவுக்கு அக்கா.

"இன்னாம்மா நடக்குது அங்க? கிழக்குப் பக்கம் பூரா செவப்பா இருக்கு."

"பாத்துட்டுதான் இருக்கேங்க்கா."

"சீக்கிரம் பாரு. நெசமாவே சர்வர் கோளாறுன்னா லோடு மொத்தத்தையும் மும்பை சர்வருக்கு மாத்தணும். மாத்தற நேரத்துல கோடிப் பேரோட சேதி நடுவுல தொங்கும். சும்மா கத்தினான்னு வையி, மேல இருக்கறவங்க ஏழு மணி மீட்டிங்லயே ஒன் காவக்காரனத் தூக்கிடுவாங்க. அப்பறம் திரும்ப ஏத்த விடமாட்டாங்க."

எட்டு மாதம்! ரூமானா சர்வர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் கல்லுக் குண்டு மாதிரி இருந்தன. எங்கேயும் எதுவும் தேங்கவில்லை. அனுப்பிய சேதி அத்தனையும் போய்ச் சேர்ந்திருந்தது. ஜனங்கள்தான் அனுப்பவில்லை. நாலு மாவட்டத்து ஜனங்கள் சொல்லிவைத்த மாதிரி ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்? யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது. தண்ணீர் குடிக்கவும் வழியில்லை.

"ஏண்டி, காலையிலேர்ந்து அந்தப் பொட்டியயே மொறச்சிட்டிருக்கியே" என்று அடுப்படியிலிருந்து ரமீஜா குரல் கொடுத்தாள். "நோன்பு தொறக்க அரை மணிதான் இருக்கு. பேரீச்சம்பழத்தயாவது எடுத்து வெயி."

ரூமானா எழுந்தாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள்.

இங்கே அரை மணி. துப்ரியில்?

இணையத்தில் தேடினாள். துப்ரியில் இன்று சூரியன் அடைந்த நேரம் ஐந்து இருபத்தாறு. கிஷன்கஞ்ச், ஐந்து முப்பத்து நான்கு. முர்ஷிதாபாத், ஐந்து முப்பத்தாறு.

அட அறிவுகெட்டவளே! நேற்று மாடியில் நின்று பிறை பார்த்தவள் யார்? தெருவுக்கே கேட்கும்படி கத்தி அம்மாவைக் கூப்பிட்டவள் யார்? விடியுமுன் சஹருக்கு எழுந்து சாப்பிட்டவளுக்கு, காவக்காரனிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை. போன வியாழன் நோன்பு இல்லை. அவன் பாவம், அந்த நாளோடு இந்த நாளை ஒப்பிட்டுக் கத்திக்கொண்டிருக்கிறான். நிர்மலாதேவியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எதையும் மாத்திடாதீங்க! சர்வர் நல்லாத்தான் இருக்கு. அவங்கல்லாம் போன வச்சிட்டு நோன்பு தொறக்கறாங்க."

நிர்மலாதேவி சிவப்பு மாவட்டங்களை இன்னொரு தரம் பார்த்தாள். "எனக்கு நம்பிக்கை வருது ரூமானா. ஆனா மேல போயி நம்பிக்கையக் காட்ட முடியாது. நம்பரக் காட்டணும்."

"அப்ப எழுதிக்கோங்க. மலப்புரம், ஆறு முப்பத்து மூணு. கேரளாவுல நோன்பு வெக்கறவங்க நெறஞ்ச ஊரு, சூரியன் அடையற அந்த நிமிஷம் விழும். கொஞ்ச நேரத்துல தானா எழுந்துக்கும்."

"விழலன்னா?"

"நானே அவன நிறுத்திடறேன்."

சொல்லிவிட்டாள்.

ரூமானாவின் அத்தா கமருஸ்ஸமான் பெரிய மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். கடையைச் சாத்திவிட்டு, பள்ளிவாசலில் தூக்கு நிறையக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். போனில் யாருக்கோ சரக்குக் கணக்கைத் தட்டிக்கொண்டே பாயில் உட்கார்ந்தார்.

ஆறு பதினேழு. பாங்கு கேட்டது. அவர் பாதிச் சேதியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தை எடுத்தார். ரமீஜா ஒரு பழத்தை ரூமானாவின் வாயில் திணித்து, தண்ணீர்த் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ரூமானா மென்றுகொண்டே திரையில் புதுச்சேரியின் சேதிக் கணக்கைக் காட்டும் கோட்டைப் பார்த்தாள். காவக்காரன் கண்டுகொள்ளாத அளவுக்கு, துளியூண்டு, அது இறங்கியது.

அந்தத் துளியில் அத்தாவின் கவிழ்ந்த போன் இருந்தது. துப்ரியிலும் முர்ஷிதாபாத்திலும் இப்படித்தான் ஒவ்வொரு பாயிலும் யாரோ ஒருவர் போனைக் கவிழ்த்திருக்கிறார். நாற்பது கோடி, நாற்பது கோடி என்று எட்டு மாதமாக வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறாள். அதில் ஒரு முகத்தைக்கூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆறு முப்பது. நிர்மலாதேவி மறுபடி இணைப்பில் வந்தாள். மலப்புரத்தின் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. அசையவே இல்லை. யா அல்லாஹ், என்றாள் ரூமானா.

முப்பத்து மூன்று. கோடு விழுந்தது.

சாய்ந்து இறங்கவில்லை, பொத்தென்று விழுந்தது. லட்சக்கணக்கான ஜனம் ஒரே நிமிஷத்தில், யாரும் யாருக்கும் சொல்லாமல், கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டது.

"எம்மாடி!" என்றாள் நிர்மலாதேவி. பதினெட்டு வருஷம் சர்வரோடு குப்பை கொட்டியவள். "நான் இந்த மாதிரி பாத்ததே இல்ல ரூமானா."

ரூமானாவுக்குக் கண் நிறைந்து கோடு கலங்கித் தெரிந்தது. ஏதோ பெரியதின் எதிரில் செருப்போடு நிற்கிற மாதிரிக் கூச்சமாக இருந்தது.

"துப்ரியெல்லாம் எப்பவோ எழுந்துடிச்சு. காவக்காரன் இருக்கட்டும், மீட்டிங்ல நான் பேசிக்கறேன்" என்றாள் நிர்மலாதேவி. "நாளைக்கு அவனுக்குப் பிறை பாக்கக் கத்துக்குடு. அப்பிடியே பொங்கல் வெக்கற நேரத்தயும் சேத்துடு, எங்க சேதராப்பட்டையும் பாக்கணும் நான். இப்ப போயி கஞ்சியக் குடி."

ரூமானா பாயில் வந்து உட்கார்ந்தாள். ரமீஜா கஞ்சி ஊற்றினாள். அழுத கண்ணைப் பார்த்துவிட்டுக் கமருஸ்ஸமான் மெதுவாகக் கேட்டார்.

"என்னம்மா, ஆபீசுல பெரிய பிரச்னையா?"

"இல்லத்தா" என்றாள் ரூமானா. "எல்லாரும் நோன்பு தொறந்தாங்க. நான் பாத்தேன்."