கதிர்காமுவின் வருத்தங்கள் போன வழி

கதிர்காமுவின் முழங்கால் வலி ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய உடம்பை விட்டு இறங்கி, கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் ஓரமாக நடந்து, சுபாஸ்கரனின் வீட்டுக்குள் போனது. முழங்கால் வலி என்றபடியால் அதனால் ஒரே நடையாக நடக்க முடியவில்லை. மதகடியில் குந்தியிருந்து ஆறி எழும்பியது. மீன் விற்க வந்த சனூன் மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டி அதற்கு வழி விட்டார். அன்று சூடை மீன் மலிவு. பின்னேரம் சுபாஸ்கரன் நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தபோது வலி போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஊர் விளங்கிக்கொண்டது.

யுத்தம் முடிந்து மீள்குடியேறி இரண்டாம் வருஷம் அது. அரசாங்கம் கூரைக்குத் தகரம் தந்தது, வெளிநாட்டுக்காரர் தறப்பாள் தந்தார்கள், இரண்டும் ஒழுகின. அதற்குப் பிறகு யோகாசனம் தர வந்தார்கள். சித்த வைத்தியசாலையிலிருந்து நிருஷா என்ற பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்து, ஒழுகின தறப்பாளையே மடித்து விரித்து, அதில் சனத்தை இருத்தி, மூச்சை இழுங்கோ, விடுங்கோ என்றாள். சும்மா தருகிற எதையும் கதிர்காமு நம்புகிறவரல்ல. ஷெல்லடிக்குள்ளும் தானாக இழுத்த மூச்சை இழுக்கச் சொல்ல இவள் யார் என்றுதான் நினைத்தார். வயலில் குனிய முடியாமல் போனபிறகே வேண்டாவெறுப்பாகப் போனார், அன்றுதான் முழங்கால் வலி இறங்கி நடந்தது. ஆனால் தன் வலி போய்ச் சேர்ந்த வீடு எதுவென்று தெரிந்த பிறகு அவர் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை.

ஏனென்று ஊருக்குத் தெரியும். இரண்டாயிரத்து எட்டில் ஊர் முழுவதும் இலுப்பைக்கடவைப் பக்கமாக ஓடியபோது, சுபாஸ்கரனின் உழவு மெசின் இழுத்த பெட்டியில் முதிரைமர அலுமாரி ஒன்று கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. வாதம் வந்து கால் இரண்டும் விழுந்துபோன மனைவி பரமேஸ்வரியைத் தூக்கிக்கொண்டு கதிர்காமு மெசினை மறித்தார். “இடமில்லை அண்ணை” என்றான் சுபாஸ்கரன். அலுமாரி போனது. கதிர்காமு அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார். அவள் முகத்தைச் சாய்த்து நாடியை அவருடைய வலது தோளில் ஊன்றிக்கொண்டு, “பாரமாயிருக்கிறன், இறக்கிவிடுங்கோ” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இலுப்பைக்கடவை தாண்டியதும் சொல்வது நின்றுவிட்டது. தெருவோரப் பனையடியில் குழி தோண்டி அவளைத் தாட்டுவிட்டு எழும்பியபோது பாரம் மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை. அகதி முகாமிலும் அது இருந்தது, திரும்பி வந்தபிறகும் இருந்தது. அலுமாரியும் யுத்தம் முழுவதையும் சுற்றிக்கொண்டு, கதவில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஊருக்கு வந்து சேர்ந்தது. அதையும் ஊர் நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது.

முழங்காலுக்குப் பின்னால் இடுப்புப் பிடிப்பு போனது. மூச்சுப் பயிற்சி தொடங்கியபிறகு பிரஷர் இறங்கி, கிளினிக் டொக்டர் குளிசையைக் குறைத்தார். அந்தக் குளிசையை அடுத்த மாதம் சுபாஸ்கரன் விழுங்கத் தொடங்கினான். முகாமில் தொலைந்த நித்திரை கதிர்காமுவுக்குத் திரும்பி வந்தது, நித்திரையில்லாமை வாய்க்கால் ஓரமாகப் போனது. அவர் முகம் தெளிந்தது, கை நடுக்கம் நின்றது, பசித்துச் சாப்பிட்டார். ஒரே ஒரு பயம்தான் இருந்தது. மனதும் ஆறும், கோபமும் போகும் ஐயா என்று நிருஷா சொல்லியிருந்தாள். கோபத்தை அவனுக்கு இனாமாகக் கொடுக்க அவருக்கு மனமில்லை. ஆகவே எல்லோரும் பிணம்போல மல்லாந்து கண்மூடிக் கிடக்கிற சவாசனத்தில், கதிர்காமு மட்டும் கோபத்தைக் காவல் காத்தபடி ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார். இதற்கிடையில் வகுப்பில் சனம் கூடியது. எல்லோருக்கும் நோவு இருந்தது. எல்லோருக்கும் ஒரு சுபாஸ்கரனும் இருந்தான்.

சுபாஸ்கரனும் வகுப்புக்கு வந்து பார்த்தான். பிறத்தியாரின் வலி எந்த ஆசனத்துக்கும் அசையவில்லை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை தடியூன்றிக்கொண்டு கதிர்காமுவின் படலையடிக்கு வந்தான்.

“அண்ணை, உங்கட வருத்தங்களைத் திருப்பி எடுங்கோ. நித்திரை கொண்டு மாசக்கணக்காச்சுது.”

“என்னட்ட இடமில்லையடாப்பா. உன்ர வீடு பெரிசு. காணாட்டி அலுமாரியை வில்.”

“அதையே சொல்லிக் கொல்லாதேங்கோ. பரமேஸ்வரி அக்காதானே சொன்னவ, நான் நடந்து வாறன், நீ போ எண்டு.”

கதிர்காமு முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தார். “நடந்து வாறன் எண்டவவோ?”

“ஓம் அண்ணை. சத்தியமா.”

“சரி. அப்ப நாளைக்கு நடந்து வருவா. வீட்டில நில்.”

ஒரு கையை மேலாலும் மறு கையைக் கீழாலும் கொண்டுபோய் முதுகில் விரல் கோக்கிற ஆசனத்தை நிருஷா எத்தனையோ தரம் காட்டியிருந்தாள். அதைச் செய்தால் தோள் சுகப்படும் என்று தெரிந்ததாலேயே அவர் செய்யாமல் விட்டிருந்தார். அந்தப் பாரம் ஒன்றுதான் பரமேஸ்வரியில் அவருக்கு மிஞ்சியிருந்தது. கிணற்றடியிலும் வயலிலும் அவள் நாடி தோளில் அழுந்தும். அவளை அந்த அலுமாரி நிற்கிற வீட்டுக்கு அனுப்புவது லேசான காரியமில்லை. வெள்ளிக்கிழமை காலை நெடுநேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “போட்டு வா. அவன்ர முதுகை விட்டு இறங்கிப்போடாதை” என்று மெல்லச் சொல்லி, விரல்களைக் கோத்தார். நாடி தோளிலிருந்து எழும்பியது. கடைசி வருஷங்களில் ஓரடி வைக்காதவள் வாய்க்கால் ஓரமாக நிமிர்ந்து நடந்து போனாள். சனூன் இந்தத் தரம் மோட்டார்சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து சுபாஸ்கரன் முன்பக்கம் வளைந்து, கைகளைப் பின்னால் கோத்து, ஆளைச் சுமக்கிற மாதிரித்தான் நடக்கிறான். மன்னார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் குறையில்லை என்றார்கள். பஸ்ஸில் கொண்டக்டர் அவனுக்கு இரண்டு ரிக்கற் கிழிக்கிறார். அவனும் வாங்குகிறான். போன கிழமை கதிர்காமுவுக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடந்தது. சுபாஸ்கரன் கம்பியைப் பிடித்தபடி அதைப் பார்த்தான். கதிர்காமு அவனுடைய முதுகுக்கு மேலே, ஒருவருமில்லாத இடத்தைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, மடியிலிருந்த பனையோலை உமல் பையை எடுத்து இருக்கையில் வைத்தார்.

“இடமில்லை தம்பி” என்றார். பஸ் வெளிக்கிட்டது.